தைல டப்பாவில் வந்த மல்லிகை

எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு மயில் இருக்கிறது. சேலையில் துணி வர்ணம் கொண்டு வரைந்தது. கொண்டை, கண், கழுத்து எல்லாம் நன்றாகவே வந்தன. தோகை ஆரம்பிக்கும் இடத்தில், கெட்டுவிடுமோ என்று நிறுத்தினேன். மயில் அன்றிலிருந்து அப்படியே கிடக்கிறது. அதற்குத் துணையாகத் தஞ்சாவூர் பாணியில் ஒரு மாதா, கிரீடத்தின் ஒரு பக்கம் மட்டும் கற்கள் பதித்தபடி. சுடுமண் தோடுகள், ஒற்றை ஒற்றையாக. வாட்டர் கலரில் வானம் மட்டும் முடிந்து, கீழே மலையோ ஊரோ வந்து சேராத தாள்கள் ஒரு கட்டு. வீடு பெருக்கும்போது என் கணவர் துடைப்பத்தை உள்ளே விட்டுத் துழாவிவிட்டு, உள்ளே இருப்பவர்கள் எல்லாம் சௌக்கியமா என்று விசாரிப்பார்.

நான் சோம்பேறி இல்லை. கோயம்புத்தூரின் கணபதி பகுதியில் பம்ப் உதிரிபாகம் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் பில் போடுகிறேன். அங்கே ஒரு வேலையை நான் பாதியில் விட்டேன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வீட்டில், எனக்கென்று ஆசைப்பட்டுச் செய்வதில்தான் இந்தக் கூத்து. முடிக்காத படம் இன்னும் நன்றாக வரலாம். முடித்த படம் அவ்வளவுதான், அதற்கு மேல் அது எங்கும் போகாது. அந்த 'அவ்வளவுதான்' எனக்குப் பயம். பயம் வந்தால் மற்றவர்கள் ஒரு வாய் தண்ணீர் குடிப்பார்கள், ஜெபம் சொல்வார்கள். நான் புதிதாக ஒன்றை ஆரம்பித்துவிடுவேன்.

என்னைப் போன்றவர்களுக்கென்றே ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. எல்லோரும் கோயம்புத்தூரைச் சுற்றி இருக்கிற பெண்கள். பேங்கில் இருப்பவர், பல் டாக்டர், மாவு மில் வைத்திருப்பவர் என்று பலர். 'ஆரம்பிச்சாச்சு' என்று ஒருவர் படம் போட்டால் உடனே கைதட்டல் குவியும். முடித்த படம் வருவது அபூர்வம். என்ன ஆயிற்று என்று யாரும் யாரையும் கேட்பதும் இல்லை. கேட்டால் நம்மையும் கேட்பார்களே.

போன வருட மழைக்காலத்தில் குழு மொத்தமும் ரெசினில் போய் விழுந்தது. ரெசின் என்பது இரண்டு பாட்டில். ஒன்றில் தேன் பதத்தில் ஒரு திரவம், மற்றொன்றில் அதை இறுக வைக்கும் மருந்து. அளவு பார்த்துக் கலந்து அச்சில் ஊற்றி, உள்ளே ஒரு பூவையோ இலையையோ வைத்துவிட்டால், மறுநாள் கண்ணாடிக் கட்டியாக வெளியே வரும். பூ உள்ளே அப்படியே நிற்கும். நானும் வாங்கினேன்.

வாங்கிய பிறகுதான் அதன் குணம் தெரிந்தது. அக்ரிலிக் சரியில்லை என்றால் மேலே பூசி மறைக்கலாம். களிமண்ணை மறுபடி பிசையலாம். ரெசினை அப்படி விட முடியாது. கலந்துவிட்டால் அது தன்பாட்டுக்கு இறுக ஆரம்பித்துவிடும். நாம் பாதியில் விட்டாலும் அது விடாது, தானே முடித்துக்கொள்ளும். என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன சாமான் அது ஒன்றுதான். முதலில் செய்த டீ டம்ளர் வைக்கும் தட்டுகள் அளவு பிசகி, இறுகாமல் பசை மாதிரி ஒட்டிக்கொண்டே இருந்தன. அடுத்து ஒரு சாவி வளையம் செய்தேன், உள்ளே வேலி ஓரத்தில் பறித்த ஊதாப் பூ ஒன்றை வைத்து. அது மட்டும் எப்படியோ தெளிவாக வந்துவிட்டது. அந்த வளையம்தான் என்னை மாட்டிவிட்டது.

என் நாத்தனார் கிணத்துக்கடவில் இருக்கிறார். என் கணவருக்கு ஒரே அக்கா. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய வீட்டுக்காரர் ஒரு கொப்பரைக் களத்தில் மேஸ்திரியாக இருந்தார். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தவர், கை கழுவிவிட்டு உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். அது நடந்து சில மாதங்கள் ஆகியிருந்தபோது, மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணம் ஈஸ்டர் கழிந்து என்று பேச்சு. அதற்குத் துணிமணி பார்க்க நாத்தனார் கோயம்புத்தூர் வந்தவர், எங்கள் வீட்டில் தங்கினார்.

கதவருகே ஆணியில் தொங்கிய சாவி வளையத்தை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே இருக்கும் பூ வாடுமா என்று கேட்டார். வாடாது என்றேன். நிறம் போகுமா என்றார். இருக்கிற நிறத்திலேயே இருக்கும் என்றேன், பெரிய ஆள் மாதிரி. அப்போதுதான் அவர் தன் பையைத் திறந்து ஒரு தைல டப்பாவை எடுத்தார்.

டப்பாவுக்குள் பஞ்சு, பஞ்சுக்கு மேல் ஒரு விரல் நீளத்துக்கு வாழைநார், அதில் மூன்று மல்லிகை மொட்டுகள். காய்ந்து, டீத்தூள் நிறத்தில் இருந்தன.

அது என்ன என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் அந்த இடத்தில் நின்றவள். நாங்கள் கத்தோலிக்கர்கள். கோயிலில் கேட்டால் இந்தச் சடங்கெல்லாம் நமக்கு இல்லை என்பார்கள். ஊருக்குள் அப்படி இல்லை. சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் பெண்கள் நாத்தனாரை உள்ளறைக்கு அழைத்துப் போய்த் தலை கொள்ளாமல் மல்லிகை வைத்துவிட்டுக் கூட்டிவந்தார்கள். புருஷனைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வைத்தார்கள். பிறகு அந்தப் பூவை எடுத்து அவர் நெஞ்சின் மேல் போட்டார்கள். தாலியைக் கழற்றினார்கள். எல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அவசரமாகப் பிய்த்து எடுத்ததில் ஒரு துண்டு பின்னலுக்குள் சிக்கிக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை. சாயங்காலம் தலையை அவிழ்க்கும்போது கையில் வந்ததாம். யாரிடமும் காட்டாமல் டப்பாவில் போட்டு வைத்திருந்தார்.

"இதைய அப்படிப் பண்ணித் தர முடியுமா கண்ணு? இந்தச் சங்கிலியில கோத்துக்கறேன். பாப்பா கல்யாணத்தன்னைக்குப் போட்டுக்கணும்," என்றார்.

தாலி போன சங்கிலியில் ஒரு சின்ன மாதா சுரூபம் மட்டும் தொங்கியது. தலையில் பூ வைக்கக் கூடாது. கழுத்தில் இருந்தால் யார் என்ன சொல்ல முடியும் என்று நினைத்திருப்பார் போல. நான் யோசிக்கவே இல்லை. தந்துவிடலாம் அக்கா என்று வாய் சொல்லிவிட்டது. அவர் டப்பாவை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மூடிவிட்டார்.

அந்த மூன்று மொட்டுகளை விட்டால் நாலாவது கிடையாது. இதுவரை நான் கெடுத்ததெல்லாம் என் சாமான். என் சேலை, என் தாள், என் களிமண். கெட்டால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். இதைத் தள்ள முடியாது.

டப்பாவை மாதா படத்துக்கு முன்னால் வைத்தேன். கணவரின் பட்டறைக்குப் பேரிங் பெட்டிகளோடு வரும், ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களைக் கேட்டு வாங்கி உள்ளே போட்டேன். ரெசினுக்கு ஈரம் ஆகாது என்று குழுவில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். துளி ஈரம் இருந்தாலும் குமிழி வரும், பால் மாதிரி கலங்கும், தெளியவே தெளியாது என்றார்கள்.

பழகிப் பார்த்துவிட்டுச் செய்யலாம் என்று முடிவு செய்தேன். தெருமுனைப் பூக்காரம்மாவிடம் தினமும் மல்லிகை வாங்கி, தலையில் வைக்காமல் பொட்டலங்களுக்கு நடுவே புதைத்தேன். காய்ந்ததும் ஊற்றினேன். முதல் கட்டியில் கரும்புள்ளிகள். எங்கள் வீட்டுக்குப் பின்சுவர் வேறொருவரின் லேத் பட்டறையோடு பொது. காற்றில் வரும் இரும்புத் தூள் சட்டியில் படிவது எனக்குத் தெரியும், ரெசினிலும் படியும் என்று தோன்றவில்லை. இரண்டாவதை இட்லிப் பாத்திர மூடியால் மூடினேன். அந்தப் பக்கம் பிரஸ் மெஷின் அடித்த அடியில் மொட்டு நகர்ந்து ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பட்டறை ஓடாத ஞாயிற்றுக்கிழமையில் செய்தால்தான் ஆகும் என்று புரிந்தது. அப்படி ஒரு ஞாயிறு செய்ததில் ஒன்று நன்றாக வந்தது. நன்றாக என்றால், குழுவில் போட்டால் கைதட்டலில் போன் சூடாகும் அளவுக்கு. தெளிந்த கண்ணாடிக்குள் மூன்று மொட்டுகள், டீத்தூள் நிறத்தில், ஒன்றை ஒன்று பார்த்தபடி.

அடுத்த ஞாயிறே நாத்தனாரின் பூவை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. நன்றாக வந்ததே எனக்குக் கூடுதல் பயமாகிவிட்டது. நல்லது ஒருமுறைதான் வரும், அதை நான் பழகிப் பார்த்ததில் செலவழித்துவிட்டேன் என்று தோன்றியது. உடனே ரப்பர் தகட்டில் படம் செதுக்கும் லினோ அச்சுக் கத்திகள் வாங்கினேன். அதில் ஒரு தென்னை மரம் பாதிவரை வெட்டினேன். பிறகு நூல் முடிச்சுப் போட்டுச் சுவரில் தொங்கவிடும் வேலை. கிறிஸ்துமஸ் போனது. கணவர் ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலுக்கு அடியில் இடம் இல்லாமல் பீரோவுக்கு மேலே அடுக்க ஆரம்பித்தபோது மட்டும் ஒருமுறை என்னையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

நாத்தனார் வாராவாரம் போன் செய்வார். ஹாஸ்டலில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் படிப்பு, தேங்காய் விலை, மாப்பிள்ளை வீட்டார் சொன்னது, எல்லாம் பேசுவார். பூவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். கேட்டுத் திட்டினாலாவது நிம்மதியாக இருக்கும். கேட்காமல் இருப்பது, என்னால் ஆகாது என்று அவர் முடிவு கட்டிவிட்டதாகவும், இரக்கப்பட்டுச் சும்மா இருப்பதாகவும் எனக்குப் பட்டது.

தவசு காலம் பிறந்துவிட்டது. அது முடிந்தால் ஈஸ்டர், ஈஸ்டர் முடிந்தால் கல்யாணம். இனி ஒரு ஞாயிறையும் விட முடியாது என்று ஒரு ஞாயிறு காலையில் எழுந்தேன். பூசைக்குப் போகவில்லை. மனதைக் கோயிலில் உட்கார வைக்க முடியாது என்று கணவரை மட்டும் முதல் பூசைக்கு அனுப்பினேன். மேஜையைத் துடைத்தேன், மின்விசிறியை நிறுத்தினேன், அச்சை ஊதி ஊதிச் சுத்தம் செய்தேன். அவர் திரும்பி வந்து உடை மாற்றும் சத்தம் கேட்டது. பட்டறை அமைதியாக இருந்தது. மாதா படத்தின் முன்னாலிருந்து டப்பாவை எடுத்துவந்து திறந்து, இடுக்கியால் நாரோடு மொட்டுகளைத் தூக்கினேன். வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு அச்சுக்குள் இறக்கினேன். கலந்தேன், ஊற்றினேன். மொட்டுகள் மூழ்கின. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. முடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நடு மொட்டின் அடியிலிருந்து ஒரு குமிழி வந்தது. ஊசியால் குத்தினேன். இன்னொன்று வந்தது. பிறகு மூன்று மொட்டுகளிலிருந்தும் கடுகு கடுகாக வர ஆரம்பித்து நிற்கவே இல்லை. நாரைச் சுற்றி லேசாக வெள்ளை படர்ந்தது. எத்தனை மாதம் காய்ந்த பூ, இதில் எங்கிருந்து ஈரம் என்று எனக்கு விளங்கவில்லை. டப்பாவை எடுத்துப் பஞ்சைத் தொட்டேன். பஞ்சு நனைந்திருந்தது.

"ஏனுங்க, டப்பாவத் தொட்டீங்களா?" என்று கேட்டேன். சத்தம் போடவில்லை, போடும் அளவுக்குத் தெம்பு இல்லை.

அவர் உள்ளறை வாசலில் வந்து நின்றார். காலையில் கோயிலுக்குக் கொண்டுபோயிருக்கிறார். எங்கள் ஆட்கள் எதையும் மந்திரிக்காமல் தொட மாட்டார்கள். புது வண்டி, புது ஜெபமாலை, போர்வெல் போடும் மெஷின் வரை சாமியார் முன்னால் நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை. பூசை முடிந்ததும் டப்பாவைத் திறந்து நீட்டியிருக்கிறார். தன் அக்கா புருஷனின் கதையைச் சொல்லியிருக்கிறார். சாமியாரும் மனம் இளகி, சாதாரணமாகத் தெளிப்பதை விடத் தாராளமாகத் தீர்த்தம் தெளித்திருக்கிறார். வரும் வழியில் இவர் கைக்குட்டையால் மேலாக ஒற்றிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

"உனக்குப் பயமா இருக்குதுன்னுதான் கொண்டுட்டுப் போனேன்," என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இட்லிப் பாத்திர மூடி கையில் இருந்தது அவருடைய நல்ல நேரம் இல்லை. ஆனால் எறியவும் நேரம் இல்லை. ரெசின் இறுகத் தொடங்கியிருந்தது. இப்போதே இடுக்கியை உள்ளே விட்டு மொட்டுகளை எடுத்துவிடலாம். எடுத்தால் பிய்ந்துவிடும், பசை பூசிய தூளாக வரும். எடுக்காவிட்டால் கலங்கிய கட்டிக்குள் காலத்துக்கும் கிடக்கும். இடுக்கியை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாக நின்றேன். அவ்வளவு பயம் எனக்குப் பிரசவத்தில்கூட இல்லை. அடுத்தவர் புருஷனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. கடைசியில் இடுக்கி நுனி பட்டபோது மேல்பகுதி பாகாகக் கெட்டிப்பட்டிருந்தது. என் முடிவுக்கு அது காத்திருக்கவில்லை. மூடியைப் போட்டு மூடினேன். சமையலறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து அழுதேன். கணவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவரும் தன் மச்சானை நினைத்து அழுதார் என்று நினைக்கிறேன்.

மறுநாள் அச்சிலிருந்து வந்தது ஒரு வெள்ளைக் கட்டி. வடித்த கஞ்சியை உறைய வைத்த மாதிரி. விளக்குக்கு நேராகப் பிடித்தால் உள்ளே ஏதோ நிழல் இருப்பது தெரியும். அது பூ என்று தெரிந்தவர்களுக்குத்தான் பூ.

கணவர்தான் அந்த யோசனையைச் சொன்னார். பழகிப் பார்த்ததில் நன்றாக வந்த ஒன்று இருக்கிறதே, அதே மூன்று மொட்டு, அதே நிறம், அதைக் கொடுத்துவிட்டால் அக்காவுக்கு எப்படித் தெரியும் என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. காலையிலிருந்து நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை இரண்டையும் தனித்தனிக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். ஜன்னலோர இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. கை பைக்குள்ளேயே இருந்தது. இரண்டும் ஒரே கனம், ஒரே அளவு. தெளிந்ததைக் கொடுத்தால் அவர் ஆயுசு முழுக்க எங்கள் தெருமுனைப் பூக்காரம்மாவின் பூவை நெஞ்சில் போட்டுக்கொண்டு அதனோடு பேசுவார். கலங்கியதைக் கொடுத்தால், அவரிடம் மிச்சமிருந்ததையும் நான் அழித்துவிட்டதை நேரில் பார்ப்பார். இரண்டில் எதற்கு அதிகம் பயப்படுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கிணத்துக்கடவில் இறங்கும்போதும் தெரியவில்லை.

வீட்டில் நாத்தனார் மட்டும் இருந்தார். கல்யாணப் பத்திரிகைக் கட்டுகளைத் தள்ளி வைத்து நான் உட்கார இடம் செய்தார். டீ கொண்டுவந்தார். பிள்ளைகளை விசாரித்தார். பூவைப் பற்றி அப்போதும் கேட்கவில்லை. என் பையை மட்டும் பார்த்தார், உடனே வேறு பக்கம் பார்த்தார். பைக்குள் கைவிட்டேன். தெளிந்ததுதான் முதலில் கையில் பட்டது. காகிதத்தில் மடிப்பு வைத்திருந்ததால் எனக்குத் தெரியும். அதைப் பிடித்தபடி, அவர் கழுத்துச் சங்கிலியைப் பார்த்தேன். விட்டுவிட்டு மற்றதை எடுத்து நீட்டினேன்.

அவர் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஈரம், தீர்த்தம், அவருடைய தம்பி செய்த வேலை, எடுக்கப் பார்த்தும் முடியாமல் போனது எல்லாவற்றையும் நிற்காமல் கொட்டினேன். நிறுத்தினால் அவர் பேசிவிடுவாரே என்ற பயம். அவர் வாசல் வெளிச்சத்துக்குப் போனார். கட்டியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"தீர்த்தம் உள்ளயேதான் இருக்குதா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அதனால்தான் கெட்டுப் போயிற்று என்றேன்.

"பூவுன்னு யாருக்கும் தெரியாது. கல்லாட்டந்தான் இருக்குது," என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. நான் எழுந்து போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தெளிவா வந்துபோட்டா என்ன பண்றதுன்னு எனக்குப் பயம் கண்ணு. உன்றகிட்டக் கேட்டுப்போட்டேன், அப்புறம் தூக்கமே இல்ல. கல்யாணத்துல கழுத்துல பூவோட போயி நின்னா சம்பந்தி ஊட்டுல என்ன பேசுவாங்களோ, பாப்பாவுக்கு அதனால ஒரு சொல்லு வந்துருமோன்னு. அதான் போன்ல கேக்கவே இல்ல. நீ பண்ணாமயே உட்டுட்டாத் தேவலைன்னுகூட நெனச்சேன்."

அத்தனை மாதம் அந்த முனையிலும் ஒருத்தி போனைப் பிடித்துக்கொண்டு பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டையும் அடக்கிக்கொண்டு, வெள்ளைக் கட்டியின் தலையில் நான் பதித்திருந்த சின்னக் கம்பி வளையத்தைச் சங்கிலியில் கோத்துவிட்டேன். அவர் அதைச் சேலைக்கு உள்ளே விட்டார். பிறகு வெளியே எடுத்துப் போட்டார். கண்ணாடியில் பார்த்தார். வெளியவே இருக்கட்டும் என்றார்.

கல்யாணம் ஈஸ்டருக்கு அடுத்த வாரம் நடந்தது. கோயிலில் அவர் பின்வரிசையில்தான் உட்கார்ந்தார், முன்னால் வரச் சொல்லியும் வரவில்லை. மண்டபத்திலும் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பழுப்புப் பட்டுச் சேலை, மேலே சங்கிலி, சங்கிலியில் வெள்ளைக் கட்டி. நான் பக்கத்திலேயே இருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா, தலை நிறைய முல்லையோடு, விருந்தினரை விசாரித்துக்கொண்டே எங்கள் வரிசைக்கு வந்தார். நல்ல மனுஷிதான், ஆனால் எதையும் கண்ணில் விடாத மனுஷி. நாத்தனாரின் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை பேசியவர், சங்கிலியைக் கவனித்துவிட்டார். குனிந்து அந்தக் கட்டியை விரல்களில் எடுத்தார்.

"இது என்ன கல்லுங்க? நல்லா இருக்குதுங்களே," என்றார்.

பளிங்கு, முத்துச்சிப்பி என்று ஆயிரம் பதில் எனக்கு வாய்வரை வந்தது. சொல்ல வாயெடுத்தேன். நாத்தனார் என்னைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவின் முகத்தையே பார்த்தார்.

"கல்லு இல்லீங்க. பூவுங்க," என்றார். "அவரோட போக வேண்டிய பூவுங்க."

சம்பந்தியம்மா கட்டியை விரலில் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு அதை மெதுவாக நாத்தனாரின் சேலை மேல் இறக்கிவிட்டு, சாப்பிட நேரமாகிறது, முதல் பந்தியிலேயே உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அவர் மனதில் என்ன இருந்தது என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்று வரை எனக்குத் தெரியாது.

நாத்தனாரின் கை நாற்காலிப் பிடியில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் என் கையை வைத்தேன். என்னுடையதும் அவ்வளவு நடுங்கியதால் எந்தக் கை யாரைப் பிடித்திருக்கிறது என்று தெரியவில்லை.

"சொல்லிப்போட்டேன் கண்ணு," என்றார்.